குடல்வாலைக் காட்டிய கருவிகள்

வயிறு வலித்தால் விளக்கெண்ணெய் கொடுப்பது நம் தோட்டத்து வீடுகளின் பழைய வழக்கம். ஆனால், அந்த வலி குடல்வால் வீக்கத்தால் வந்ததாக இருந்தால், பேதி மருந்தால் குடல்வால் வெடித்துவிடக்கூடும். ஆகவே, வலியின் காரணத்தை மருத்துவர்கள் கண்டறியக் கற்ற வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது.

பெருங்குடலின் தொடக்கத்தில் விரல்போல் தொங்கும் சிறு குழாயே குடல்வால். 1886இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபிட்ஸ் இந்நோயை விளக்கி, அதற்கு ஆங்கிலப் பெயரும் சூட்டினார். அன்று மருத்துவருக்குத் துணை தம் கைவிரல்களே. வயிற்றை அழுத்திப் பார்த்து முடிவு செய்தார்கள். பின்னாளிலும், அறுத்துப் பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவர் வரை குடல்வால் நலமாகவே இருந்ததுண்டு.

1895இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அது எலும்பைத் தெளிவாகக் காட்டியது. குடல்வாலையோ அரிதாகவே காட்டியது.

1986இல் நெதர்லாந்து மருத்துவர் பாய்லார்ட், ஒலியலைக் கருவியால் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்க்கும் முறையை வெளியிட்டார். நல்ல குடல் அழுத்தினால் ஒடுங்கும். வீங்கிய குடல்வால் ஒடுங்காது. பழைய கைப்பக்குவமே கருவியோடு சேர்ந்தது எனலாம். இதில் கதிர்வீச்சு இல்லை. ஆதலால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் இதையே செய்வார்கள். ஆனால் குடலில் வாயு மிகுந்தாலும், உடல் பருத்திருந்தாலும், பார்ப்பவருக்குப் பழக்கம் குறைந்தாலும் படம் தெளிவாகத் தெரியாது.

சி.டி. ஸ்கேன் 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. பின்னர் அது வயிற்றுக்கும் வந்தது. 1998இல், அதே பாஸ்டன் நகரில், 100 நோயாளிகளைச் சோதித்தபோது 98 விழுக்காடு சரியாகச் சொன்னது. துல்லியம் மிகுதி, கதிர்வீச்சும் உண்டு. ஒலியலையில் ஐயம் தீராத கர்ப்பிணிகளுக்குக் காந்தப் படமான எம்.ஆர்.ஐ. உதவுகிறது.

இத்தனை கருவிகள் வந்தும், நோயாளி வந்து சேராவிட்டால் பயனில்லை. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கினால், பசி நின்று வாந்தியும் காய்ச்சலும் கண்டால், விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தொடாதீர்கள். தம்போயில் இருப்போருக்கு ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை தொலைவில் இல்லை. விடியட்டும் என்று காத்திராமல், இரவானாலும் புறப்படுங்கள்.