பூட்டிய கதவுக்குள் வந்த கிருமி

2020 பிப்ரவரி 19. தென்கொரியாவில் கொரோனாவுக்குப் பலியான முதல் மனிதர் அன்றுதான் இறந்தார். இறக்கும்போது அது கொரோனா என்று யாருக்கும் தெரியாது. இறந்த பிறகு செய்த பரிசோதனையில்தான் தெரிந்தது.

அவருக்கு வயது 63. எடை 42 கிலோ. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனநோயாளியாக மருத்துவமனையிலேயே இருந்தவர். கொரோனா என்றாலே விமானத்தில் வந்த நோய், ஊர் ஊராகச் சுற்றுபவர்களுக்கு வரும் நோய் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நாட்டில் முதலில் செத்ததோ கதவுக்கு வெளியே போகாத ஒரு மனிதர்!

இது எப்படி நடந்தது? தற்செயலா? இல்லை. சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் இதே கதை நூறு வருடத்துக்கு முன்பும் நடந்திருப்பது தெரியும்.

ஐந்தாவது மாடி

டேகு நகரத்துக்குத் தெற்கே உள்ள சிறிய மாவட்டம் சோங்டோ. அங்குள்ள தேனாம் மருத்துவமனையின் ஐந்தாவது மாடியில் மனநோயாளிகளுக்கான பூட்டிய வார்டு இருந்தது. அங்கே சுமார் நூறு பேர். கட்டில்கள் கிடையாது. ஒரே அறையில் பலர் தரையில் பாய்மெத்தை விரித்து அடுத்தடுத்துப் படுத்திருந்தார்கள். காற்றோட்டமும் போதாது. சாப்பாடு, தூக்கம், பொழுதுபோக்கு எல்லாம் அந்தக் கதவுக்குள்தான்.

முதல் சாவுக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே அந்த வார்டில் பலருக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. பரிசோதித்துப் பார்த்தபோது ஓரிருவரைத் தவிர எல்லாருக்கும் கொரோனா! பிப்ரவரி 21ஆம் தேதி அங்கிருந்து ஒரு பெண் நோயாளியைப் புசான் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். அன்றே இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் இந்த ஒரே வார்டில் ஏழு உயிர்கள் போய்விட்டன.

இன்னொரு கொடுமையும் நடந்தது. நோய் வெளியே பரவாமல் இருக்க மருத்துவமனையையே மொத்தமாக அடைத்தார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு அது பாதுகாப்பு. உள்ளே இருப்பவர்களுக்கு? தரையில் ஒட்டிப் படுத்திருப்பவர்களைக் கிருமியோடு சேர்த்து அடைப்பதற்குப் பெயர் சிகிச்சை அல்ல என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டன. அங்கே போய்ப் பார்த்த மனநல மருத்துவர்களும் அது தொற்றுநோயாளிகளை வைத்திருக்க ஏற்ற இடமல்ல என்றார்கள். அதன் பிறகே நோயாளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றினார்கள்.

1918, இங்கிலாந்து

இப்போது நூறு ஆண்டுகள் பின்னால் போவோம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த சமயம். காயம்பட்ட சிப்பாய்களை வைக்க இங்கிலாந்தில் இடம் போதவில்லை. அரசாங்கத்தின் கண்ணில் பட்டவை மனநோய்க் காப்பகங்கள். பெரிய பெரிய கட்டடங்கள், சுற்றிலும் தோட்டம், சொந்தச் சமையற்கூடம். இருபதுக்கும் மேற்பட்டவை போர் மருத்துவமனைகளாக மாறின. லண்டனுக்கு அருகே எப்சம் ஊரில் இருந்த ஹார்ட்டன் காப்பகம் 1915ல் அப்படி மாறியது. அங்கே இருந்த நோயாளிகளை வேறு காப்பகங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த வேறு காப்பகங்கள் ஏற்கெனவே நிரம்பியவை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளி போயிற்று. பணியாளர்கள் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் நோயாளிகளின் உணவையும் குறைத்தார்கள். வீட்டில் இருப்பவன் ரேஷன் போதாவிட்டால் கொல்லையில் காய்கறி போடுவான், தெரிந்தவரிடம் கேட்பான், அக்கம்பக்கத்தில் கடன் வாங்குவான். பூட்டிய வார்டில் இருப்பவனுக்குத் தட்டில் விழுவதுதான் சாப்பாடு.

விளைவு என்ன? போருக்கு முன்னால் இங்கிலாந்து, வேல்ஸ் காப்பகங்களில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் போல இறந்துகொண்டிருந்தார்கள். 1918ல் அது நூற்றுக்கு இருபது பேர் ஆயிற்று. ஐந்தில் ஒருவர்!

1918 என்றதும் எல்லாருக்கும் ஸ்பானிஷ் காய்ச்சல்தான் ஞாபகம் வரும். அதுவும் ஒரு காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காய்ச்சல் வருவதற்கு முந்திய ஆண்டிலேயே, 1917லேயே, சாவு வெகுவாக ஏறிவிட்டிருந்தது. காசநோயும் வயிற்றுக்கடுப்பும் நெரிசலில் பரவி, பசியால் இளைத்த உடம்புகளைத் தின்றுகொண்டிருந்தன. காய்ச்சல் வந்து கடைசி அடியைக் கொடுத்தது, அவ்வளவுதான். மரத்தை முக்கால்வாசி வெட்டிவைத்துவிட்டு, காற்றடித்து விழுந்தது என்று சொன்னால் எப்படி?

மனநோய்க்கு உடம்பில் என்ன வேலை?

சிலர் கேட்கலாம்: நோய் மனதில்தானே, உடம்பு ஏன் தாங்கவில்லை?

மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்கள், மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். இது கொரோனாவுக்கு முன்பே தெரிந்த உண்மை. அதில் பெரும்பகுதி தற்கொலை அல்ல. இதயநோய், சர்க்கரை நோய், நுரையீரல் நோய் போன்றவைதான். புகைபிடிக்கும் பழக்கம் அவர்களிடம் அதிகம். சில மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். வறுமையும் கூடவே இருக்கும்.

குளோசபின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு மருந்து எதுவும் கேட்காத மனச்சிதைவுக்கு இது கைகொடுக்கும். ஆனால் சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். ஊரடங்கில் ஆய்வகத்துக்கு எப்படிப் போவது? உடலில் தொற்று வந்தால் இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். புகைபிடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் ஏறும். கடை அடைத்து சிகரெட் கிடைக்காமல் போவதுகூட ஓர் ஆபத்து என்றால் நம்ப முடிகிறதா?

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று உண்டு. மனநோயாளி "நெஞ்சு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது" என்று சொன்னால் பல நேரம் யாரும் அதை உடம்பின் வலியாகக் கேட்பதில்லை. நோயின் பேச்சு என்று விட்டுவிடுகிறார்கள். சிலருக்கோ தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லவே தெரியாது.

இதெல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நியூயார்க்கில் ஒரு ஆய்வு காட்டியது. 2020 மார்ச் முதல் மே வரை அங்கு ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தில் கொரோனா உறுதியான 7,348 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். வயது, மற்ற நோய்கள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், மனச்சிதைவு வகை நோய் உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு. முதுமைக்கு அடுத்த பெரிய ஆபத்து அதுதான்! மன அழுத்தம், பதற்றம் போன்றவற்றுக்கு அந்த ஆய்வில் இப்படித் தெரியவில்லை.

காசுக் கணக்கு

கொரியாவுக்குத் திரும்பி வருவோம். அங்கே ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டத்தில், மனநலப் பிரிவில் தங்கும் நோயாளிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையை மருத்துவமனைக்குக் கொடுக்கும் முறை நெடுங்காலமாக உண்டு. சாதாரணக் காப்பீட்டில் கிடைப்பதைவிட அது குறைவு.

இதை ஒரு வியாபாரக் கணக்காகப் பாருங்கள். வரவு தலைக்கு இவ்வளவு என்று நிலையானது. லாபம் வேண்டுமானால் இரண்டே வழி. தலைகளைக் கூட்ட வேண்டும், அல்லது தலைக்கு ஆகும் செலவைக் குறைக்க வேண்டும். கட்டிலைவிடப் பாய் மலிவு, இடமும் மிச்சம். குணமாகி வீட்டுக்குப் போகிறவரால் நாளைக்கு வரவு இல்லை. இப்படிப்பட்ட கணக்கில் இருபது வருடம் தங்குகிற நோயாளி பிரச்சினையே அல்ல, நிரந்தர வாடிக்கையாளர்! 1918ல் இங்கிலாந்தில் உணவைக் குறைத்தவர்களும் கொலைகாரர்கள் அல்லர். பற்றாக்குறையில் யாருக்கு முதலில் குறைப்பது என்று பார்த்தார்கள். எதிர்த்துக் கேட்க முடியாதவர்களுக்கு முதலில் குறைத்தார்கள்.

பிறகு என்ன ஆனது?

சில மாற்றங்கள் வந்தன. 2020 டிசம்பரில் பிரிட்டன் தடுப்பூசி வரிசையை அறிவித்தபோது, கடுமையான மனநோய் உள்ளவர்களையும் முன்னுரிமைப் பிரிவுகளில் சேர்த்தது. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், கொரோனா கடுமையாகும் ஆபத்துள்ள நோய்களின் பட்டியலில் மனச்சிதைவையும் மன அழுத்தத்தையும் சேர்த்தது. தொற்று தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆன பிறகு!

கொரியாவில் 2021 மார்ச்சில் விதிகளைத் திருத்தினார்கள். மனநல மருத்துவமனையில் ஓர் அறைக்கு அதிகபட்சம் 10 பேர் என்று இருந்தது, புதிதாகத் தொடங்கும் இடங்களில் 6 ஆயிற்று. படுக்கைகளுக்கு இடையே 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் விதித்தார்கள்.

ஒன்றரை மீட்டர்! பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நெரிசலில் நோய் பரவும் என்பது 1918லும் தெரிந்ததுதான். பசித்த உடம்பு நோயைத் தாங்காது என்பதும் தெரிந்ததுதான். தெரிந்ததைச் செய்ய ஏழு பேர் சாக வேண்டியிருந்தது.

அடுத்த தொற்றுநோய் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது வரும்போது யார் முதலில் சாவார்கள் என்பதை இன்றைக்கே சொல்லிவிடலாம். எந்த அறையில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், தட்டில் என்ன விழுகிறது, கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.