பௌதிகவியல் வரலாறும் அதன் கூட்டங்களும்: மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து

பௌதிகவியலின் வரலாற்றைப் பயில்வதற்கென ஆய்வு வட்டமொன்றை அமைக்க முனைவோர் முதலில் எதிர்நோக்கும் வினாக்கள் மிகச் சாதாரணமானவை. எங்கே கூடுவது, எப்போது கூடுவது, எவரைப் பேச அழைப்பது, பேச்சுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பனவே அவை. இவற்றை நிர்வாகக் காரியங்களெனக் கருதிச் செயலாளரின் பொறுப்பில் விட்டுவிடுவது வழக்கம். ஆயினும் ஒரு வட்டம் எதனை வரலாறு எனக் கொள்கின்றது என்பது அதன் நிகழ்ச்சி நிரலிலேயே வெளிப்பட்டு விடுகின்றது. கலிலியோ, நியூற்றன், ஐன்ஸ்ரைன் ஆகியோரின் பிறந்த தினங்களைச் சுற்றி மட்டும் அமையும் நிரல், பௌதிகவியலை மேதைகள் சிலரின் தனிச் சாதனையாகவே காட்டும். மாத்தளை மாவட்டத்தில் இத்தகைய வட்டமொன்று இயங்குமாயின் அதன் கூட்டங்கள் எவ்வாறு திட்டமிடப்படல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய முயல்கின்றோம்.

கூட்ட ஒழுங்கே கருத்துப் போராட்டத்தின் களமாக மாறிய சந்தர்ப்பம் ஒன்றுண்டு. 1931ஆம் ஆண்டு யூன் 29 முதல் யூலை 4 வரை இலண்டனில் விஞ்ஞான வரலாற்றுக்கான இரண்டாவது சர்வதேச மாநாடு நடைபெற்றது. நிக்கொலாய் புகாரினின் தலைமையில் சோவியத் தூதுக்குழுவொன்று எதிர்பாராத வகையில் அதிற் பங்குபற்ற வந்தது. அக்குழுவினரின் கட்டுரைகளுக்கு நிரலில் போதிய நேரம் இருக்கவில்லை. எனவே இறுதி நாளான சனிக்கிழமை காலை சிறப்பு அமர்வொன்று சேர்க்கப்பட்டது; கட்டுரைகளும் அவசரமாக மொழிபெயர்க்கப்பட்டு அச்சேறின. அவற்றுள் பொறிஸ் ஹெசனின் கட்டுரை, 1687இல் வெளிவந்த நியூற்றனின் ‘பிரின்சிப்பியா’ ஆராய்ந்த பிரச்சினைகள் அக்காலக் கப்பற் போக்குவரத்து, சுரங்கத் தொழில், போர்த்தொழில் ஆகியவற்றின் தேவைகளுடன் எவ்வாறு பிணைந்திருந்தன என எடுத்துக்காட்டியது. பேர்னல், நீடம் போன்ற பிரித்தானிய விஞ்ஞானிகளின் பிற்கால எழுத்துக்களில் அதன் தாக்கம் தெளிவாகும்.

இதே ஹெசன் 1936 டிசம்பரில், தாம் பிரதிநிதியாகச் சென்ற அரசினாலேயே மரண தண்டனைக்கு உள்ளானார். மார்க்சியர்களாகிய நாம் இதனை மறைத்துவிட்டு அவரை மேற்கோள் காட்டுதல் நேர்மையாகாது. மாற்றுக் கருத்துக்கு நேரம் ஒதுக்குவது எத்துணை பெறுமதியானது என்பதை 1931இன் சனிக்கிழமை அமர்வும் 1936இன் முடிவும் சேர்ந்தே நமக்கு உணர்த்துகின்றன.

ஹெசன் எழுப்பிய வினா மாத்தளையில் வேறொரு வடிவத்தைப் பெறுகின்றது. ஐரோப்பிய வணிக முதலாளித்துவத்தின் தேவைகள் பொறியியக்கவியலை வளர்த்தன எனின், அம்முதலாளித்துவம் குடியேற்ற நாடொன்றுக்கு அவ்வறிவைக் கொண்டுவந்தபோது நிகழ்ந்தது யாது? அதற்கு முன்னர் இம்மண்ணில் வழங்கிய தொழில்நுட்ப அறிவின் தன்மை யாது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மூன்று கூட்டங்களையேனும் வட்டம் திட்டமிடலாம்.

முதலாவது, சிகிரியாவில் நிகழ வேண்டியது. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த நீர்ப்பூங்காவின் ஊற்றுக்கள், துளையிட்ட சுண்ணக்கற் பலகைகளினூடாக அமுக்கத்தால் நீரை மேலெழச் செய்பவை. மழைக்காலத்தில் அவை இன்றும் இயங்குகின்றன. அதற்கு அண்மையிலுள்ள அலகொலவெவவில், கிறித்து சகாப்தத்தின் தொடக்கத்தை ஒட்டிய நூற்றாண்டுகளைச் சேர்ந்த இரும்புருக்கு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இவற்றைக் கண்டு, பிற்கால ஐரோப்பியக் கொள்கைகளையெல்லாம் நம் முன்னோர் அறிந்திருந்தனர் எனக் கூறுவோர் உளர். அனுபவத்தால் பெற்ற செய்முறை அறிவு வேறு. பொது விதியாக வகுக்கப்பட்ட அறிவு வேறு. முன்னையதன் மகத்துவத்தை உணர்த்தப் பின்னையதன் பெயரை அதற்குச் சூட்டவேண்டிய தேவை இல்லை. பூங்கா அரசனுக்குரியதாயிருந்தது, கால்வாயை வெட்டியவரும் உலையை ஊதியவரும் பெயரின்றி மறைந்தனர். அவர்களைத் தேடுவதே வரலாற்றாசிரியரின் பணி. இனப் பெருமைக்கு இக்கூட்டம் மேடையாகிவிடாமற் காப்பதற்குச் சிங்களப் பேச்சாளரும் தமிழ்ப் பேச்சாளரும் ஒரே அமர்வில் பங்குகொள்ளல் அவசியமாகும்.

இரண்டாவது கூட்டம் பெருந்தோட்டத்தைப் பற்றியது. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்த வடபாதையிற் கால்நடையாக நடந்தே தமிழகத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். 1880இல் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியது. கோப்பி வீழ்ந்து தேயிலை மேலோங்கியபின், கொழுந்தை வாட்டல், உருட்டல், உலர்த்தல் ஆகியன வெப்பமும் காற்றோட்டமும் சார்ந்த பொறிகளின் செயலாயின. பெல்பாஸ்ற் நகரில் டேவிட்சன் உருவாக்கிய ‘சிறொக்கோ’ உலர்த்திகள் இலங்கைத் தொழிற்சாலைகளில் இடம்பெற்றன. வெப்பவியல் பாடநூல் இப்பொறிகளின் தத்துவத்தை விளக்கும். கொழுந்து எப்போது வாடி முடிந்தது என்பதைக் கைப்பிடியாலும் மணத்தாலும் அறிந்த தொழிலாளரின் அறிவை அந்நூலிற் காணல் அரிது.

இக்கூட்டத்தின் மையத்தில் வைக்கப்பட வேண்டிய கருவி தராசு. 1678இல் ஊக் வெளியிட்ட விதியின்படி, வில்லின் நீட்சி அதன்மீது தாக்கும் விசைக்கு விகித சமமானது. விற்றராசு இதனையே அடிப்படையாகக் கொண்டது. இவ்விதி வகுப்பறையில் நடுநிலையானது. கொழுந்து நிறுவையில் அது கூலியைத் தீர்மானிக்கும் கருவியாகின்றது. கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்படும் நிறை எவ்வளவு, குறித்த அளவு எட்டாவிடின் ‘அரைப்பேர்’ போடும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பன பௌதிகவியலுக்கு வெளியே கிடக்கும் கேள்விகள் அல்ல. அளத்தல் பௌதிகவியலின் அடிப்படை. அளவுகோலை எவர் கையில் வைத்திருக்கின்றார் என்பது அதன் சமூக வரலாற்றின் அடிப்படை.

மூன்றாவது கூட்டம் உக்குவளையில் நடைபெறலாம். 1976இல் தொழிற்படத் தொடங்கிய மகாவலித் திட்டத்தின் பொல்கொல்ல அணைக்கட்டிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே நீர் இங்கு வந்திறங்கிச் சுமார் 40 மெகாவாற்று மின்னை ஆக்குகின்றது. பின்னர் அந்நீர் சுது கங்கை, அம்பன் கங்கை வழியாக வறண்ட வலயத்து வயல்களை நோக்கிச் செல்கின்றது. நீரின் நிலைச்சத்தி மின்சத்தியாக மாறும் வரலாற்றை இதனைவிடத் தெளிவாகக் கற்பிக்க இடமில்லை. மின் மலையகத்தில் உற்பத்தியாகியும், தோட்ட லயன்களிற் பல நீண்டகாலம் மண்ணெண்ணெய் விளக்குகளிலேயே கிடந்தன என்பதையும் அங்கேயே பேச வேண்டும். சத்திக்காப்பு விதி, ஆக்கப்பட்ட சத்தி எவரைச் சென்றடைந்தது எனக் கூறுவதில்லை.

இம்மூன்றும் பயனுள்ளவையாக அமைய, நடைமுறையிற் சில விதிகள் வேண்டப்படுகின்றன. கூட்டம் வேலை நாளில் வைக்கப்படலாகாது; ஒருநாள் வேலையை இழந்து வருபவர் தம் கூலியால் வரலாற்றுக்கு விலை செலுத்துகின்றார். பேச்சுக்கு ஒதுக்கும் அளவு நேரம் கலந்துரையாடலுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர் பேராசிரியருக்குப் பின்னர் ‘நன்றியுரை’ கூறுபவராக அன்றி, பேச்சாளராகவே அழைக்கப்படல் வேண்டும். அவர்கள் வழங்கும் தொழிற் சொற்கள் அவ்வாறே பதிவு செய்யப்படல் வேண்டும்; கலைச்சொல்லாக்கக் குழுக்கள் தேடியலையும் சொற்களுட் சில அவர்களிடம் ஏற்கெனவே உள்ளன. கூட்ட அறிக்கை இரு மொழிகளிலும் எழுதப்பட்டுத் தோட்டப் பாடசாலைகளைச் சென்றடைய வேண்டும்.

விஞ்ஞானத்தைத் தமக்கு அந்நியமான பாடமாகக் கருதுமாறு பழக்கப்பட்ட மாணவர்கள் மலையகத்தில் இன்னும் பலர். தம் பாட்டியார் கூடையைத் தூக்கிவைத்த தராசிலும், தம் தந்தையார் இயக்கிய உலர்த்தியிலும் பௌதிகவியலின் வரலாறு இருந்தது என அவர்கள் அறியும் நாளில், அப்பாடத்தின்மீது தமக்கும் உரிமை உண்டென்பதை உணர்வர். அவ்வுணர்வை ஏற்படுத்த இயலாத வட்டம், எத்தனை விழாக்களை நடத்தினும், வரலாற்றைக் கற்றதாகாது.