மலைத் தோட்டமும் மாநகர் வீடும்

தில்லியின் தென்மேற்கிலுள்ள துவாரகாவில் அடுக்கு வீடுகளில் வாழ்கிறோம் நாம். இவ்வீடுகள் நிற்கும் இடம் முன்னர் பப்பன்கலான் முதலிய சிற்றூர்களின் விளைநிலமாக இருந்தது. 1980-களில் நகரமைப்புக்கென அந்நிலம் கையகப்படுத்தப்பட்டது. விளைநிலத்தின் அருமையை உணர, நீலகிரியில் படகர் என்னும் சிறு சமுதாயத்தார் காய்கறி விளைத்த வரலாற்றை இன்று நோக்குவோம்.

படகர்கள் தொடக்கத்தில் சாமையும் ராகியும் பயிரிட்டனர். தானியத்தைத் தொதவருக்கும் கோத்தருக்கும் அளித்து, தொதவரிடம் நெய்யும், கோத்தரிடம் மட்கலமும் இரும்புக் கருவியும் பெற்றனர். 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அவர் அமைத்த வீடு இன்றும் உள்ளது. ஐரோப்பியக் காய்கறிகளை அவர் இம்மலையில் பயிரிடச் செய்தார். விதை வெளியிலிருந்து வந்தது. சரிவுகளைத் திருத்தி அதனை வாழ்வித்த உழைப்போ படகர்களுடையது. நாளடைவில் உருளைக்கிழங்கு அவர்தம் முதன்மைப் பணப்பயிராயிற்று.

1899-இல் குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் இருப்புப்பாதை எட்டியது. கிழங்கு மேட்டுப்பாளையத்து மண்டிகளுக்கு இறங்கியது. விளைவித்தோர் தாமே விற்பனையில் ஒன்றுபடும் பொருட்டு 1935-இல் கூட்டுறவு விற்பனைச் சங்கமும் தோன்றிற்று.

ஆயினும் ஒரே பயிரை நம்பியதில் ஓர் இடர் மறைந்திருந்தது. 1961-இல் கிழங்குச் செடியின் வேரில் பொன்னிற நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் முட்டைகள் கூட்டுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு மண்ணில் கிடப்பன. கிழங்கையே மீண்டும் மீண்டும் நட்டால் புழு பெருகும். காரட், கோசு, பூண்டு ஆகியவற்றை மாற்றிப் பயிரிட்டால் உணவின்றிக் குறையும். 1985-இல் இப்புழுவை எதிர்த்து நிற்கும் குப்ரி சுவர்ணா என்னும் கிழங்கு வகையும் வெளிவந்தது. பலர் தேயிலைக்கு மாறினர். ஆயினும் காய்கறித் தோட்டங்கள் அங்கு அழிந்துவிடவில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? நோயுற்ற மண்ணை மாற்றுப் பயிரால் தேற்றலாம். ஆனால் தேற்றுவதற்கு மண் இருக்க வேண்டுமன்றோ? பப்பன்கலானின் வயல்களுக்கு அவ்வாய்ப்பு இனி இல்லை. நகரின் விளிம்பில் எஞ்சியுள்ள காய்கறி நிலங்களையேனும் காப்பது, அவற்றின் விளைவை உண்ணும் நம் அனைவரின் கடமையாகும்.