நெய்வேலியில ஒரு ஸ்கேட் பார்க்: யார் காசு, யார் மண்?

இன்னைக்கு எபிசோடுல நான் வளர்ந்த ஊருக்குப் போறோம். நெய்வேலி டவுன்ஷிப். அங்க அட்ரஸ் கேட்டா தெருப் பேரைச் சொல்ல மாட்டாங்க, எத்தனாவது வட்டம்னுதான் சொல்வாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் குவார்ட்டர்ஸ் முன்னாடி ரோடு காலியா கிடக்கும். நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஒரே ஒரு ஸ்கேட்போர்டை வெச்சுக்கிட்டு மாத்தி மாத்தி ஓட்டுவோம். சக்கரத்துல ஒரு சின்னக் கல்லு மாட்டுனா போதும், முட்டி போயிடும். அப்போ இருந்தே ஒரு கேள்வி: இங்க எல்லாருக்குமான ஒரு ஸ்கேட் பார்க் கட்டணும்னா எப்படி ஆரம்பிக்கிறது? யார்கிட்ட போய்க் கேட்கிறது?

முதல்ல ஊரோட கதை. 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் தன்னோட நிலத்துல கிணறு தோண்டும்போது கறுப்பா ஏதோ வெளிய வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14-ல நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாச்சு. 1957 மே 20-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். மேல இருந்த மண்ணை எல்லாம் அள்ளி, 1961 ஆகஸ்டுலதான் நிலக்கரி கண்ணுல பட்டுச்சு.

சுரங்கத்தோட சேர்ந்து ஊரும் வந்துச்சு. வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பூங்கா, பின்னாடி பாரதி ஸ்டேடியம். நெய்வேலியில விளையாட்டு மைதானம்ங்கிறது மேல இருந்து வந்த விஷயம். நிர்வாகம் பிளான் போடும், நிர்வாகம் கட்டும், நாங்க போய் விளையாடுவோம். ஒரு பசங்க கூட்டம் உக்காந்து 'எங்களுக்கு இது வேணும்'னு வரைஞ்சு குடுக்கிற பழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை.

ஸ்கேட் பார்க்கோட வரலாறு நேர் எதிர். 1970-கள் நடுவுல கலிபோர்னியாவுல கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் காஞ்சு கிடந்துச்சு. பசங்க வேலி தாண்டிக் குதிச்சு அந்த வளைஞ்ச சுவத்துல ஸ்கேட் பண்ணாங்க. இன்னைக்கு 'பவுல்'னு சொல்ற அமைப்பு அங்க இருந்து வந்ததுதான். 1990-ல போர்ட்லாண்டுல பர்ன்சைடு பாலத்துக்கு அடியில ஸ்கேட்டர்களே அனுமதி கேட்காம கான்கிரீட் போட்டாங்க. நகர நிர்வாகம் பின்னாடிதான் ஒத்துக்கிச்சு.

நம்ம நாட்டுக்கு வருவோம். மத்தியப் பிரதேசம், பன்னா பக்கத்துல ஜன்வார்னு ஒரு கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக் ரெயின்ஹார்ட் 2015-ல அங்க ஒரு ஸ்கேட் பார்க் கொண்டுவந்தாங்க. காசு எங்க இருந்து? ஓவியர்கள் ஸ்கேட்போர்டு பலகைகள்ல வரைஞ்சு குடுத்தாங்க, அதை ஏலம் விட்டாங்க. கட்டினது பல நாட்டுத் தன்னார்வலர்கள். விதி ரெண்டே ரெண்டு: ஸ்கூலுக்குப் போகலைன்னா ஸ்கேட்டிங் கிடையாது, பெண் பிள்ளைகளுக்குத்தான் முதல் உரிமை. அந்த ஊர்ல ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவர் வீட்டுப் பிள்ளைகளும் ஒண்ணா விளையாட ஆரம்பிச்ச இடம் அந்த கான்கிரீட் தரை. அங்க கத்துக்கிட்ட ஆஷா கோண்ட் 2018-ல சீனாவோட நான்ஜிங்ல நடந்த உலகப் போட்டிக்கே போனாங்க.

ராஜஸ்தான்ல, உதய்ப்பூர் பக்கம் கேம்பூர்ல கதை வேற. 'ஸ்கேட்டர் கேர்ள்' படத்துக்காக நிஜமாவே ஒரு பார்க் கட்டினாங்க. படம் 2021-ல வந்துச்சு, பார்க் ஊருக்கே மிஞ்சிச்சு. நம்ம மாமல்லபுரத்துல கமலிங்கிற சின்னப் பொண்ணு ஸ்கேட் பண்ணதைப் பத்தின குறும்படம் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரை வரைக்கும் போச்சு.

ஏலக் காசு, சினிமாக் காசு. நெய்வேலிக்கு எந்தக் காசு? எல்லாரும் உடனே சொல்றது சிஎஸ்ஆர். 2013 கம்பெனிச் சட்டம், பிரிவு 135. பெரிய கம்பெனிகள் முந்தின மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவு பண்ணணும். அந்தப் பட்டியல்ல ஒலிம்பிக் விளையாட்டுக்கான பயிற்சியும் இருக்கு. டோக்கியோவுல இருந்து ஸ்கேட்போர்டிங்கும் ஒலிம்பிக் விளையாட்டுதான். கேட்கிறதுக்கு ஒரு வழி இருக்கு, இல்லையா?

ஆனா எனக்கு இதுல முக்கியமாப் பட்டது வேற ஒரு வரி. கம்பெனி ஊழியர்களுக்குப் பலன் தர்ற வேலை சிஎஸ்ஆர் கணக்குல வராது. கம்பெனி இயங்குற சுத்துவட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் சட்டம் சொல்லுது. அப்போ நான் கனவு கண்ட இடம், அதாவது எங்க குவார்ட்டர்ஸ் பக்கத்து கிரவுண்டு, முதல்லயே அடிபடுது.

எனக்கு முதல்ல ஏமாற்றம். அப்புறம் யோசிச்சேன். இந்த ஊரும் சுரங்கமும் நிக்கிறது யார் நிலத்துல? விவசாயம் பண்ணின கிராமங்களோட நிலத்துல. அது முடிஞ்சுபோன கதையும் இல்லை. 2023 ஜூலையில வளையமாதேவியில, நெல்லு நின்ன வயல்ல கால்வாய் வெட்ட எந்திரம் இறங்கினதை எல்லாரும் டிவியில பார்த்தோம். நான் மரநிழல் ரோட்டுல ஸ்கேட் பண்ணின அதே வயசுல, ஆர்ச் கேட்டுக்கு வெளிய இருந்த பையனுக்கு அந்த ரோடும் இல்லை, ஸ்டேடியமும் பக்கத்துல இல்லை.

அதனால என் பிளானை மாத்திட்டேன். பார்க் மந்தாரக்குப்பம் பக்கமோ, நிலம் குடுத்த ஒரு கிராமத்துலயோ வரட்டும். டவுன்ஷிப் பசங்க சைக்கிள் மிதிச்சுக்கிட்டு அங்க போகட்டும். அறுபது வருஷமா வெளிய இருந்தவங்க உள்ள வந்தாங்க, ஒரு தடவை நாம வெளிய போவோம்.

ஆனா ஒரு எச்சரிக்கை. இலவசமா வர்ற கான்கிரீட்டுக்கும் பராமரிப்பு உண்டு. விரிசல் விட்டா யார் பூசுவாங்க, மழைத் தண்ணி பவுல்ல தேங்காம வடிகால் இருக்கா, ஹெல்மெட் யார் வாங்குவாங்க? இதை எல்லாம் எழுதி வைக்காம திறப்பு விழா நடத்தினா, ரெண்டே வருஷத்துல அங்க நெல்லு காயப் போடுவாங்க. நிலம் குடுத்தவங்க அப்படிச் செஞ்சா, அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால மனு எழுதுறதுக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம் ரெண்டு போர்டை எடுத்துக்கிட்டு அந்தக் கிராமத்துக்குப் போகப் போறேன். பிள்ளைங்களுக்கு இது பிடிக்குதான்னு பார்க்கணும். அவங்களுக்கு வேண்டியது வாலிபால் கோர்ட்டுன்னா, மனுவுல அதைத்தான் எழுதணும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே. ஹெல்மெட் போடுங்க.