வசையும் தடியும்

தடியும் கல்லும் எலும்பை முறிக்கும், வசைச்சொல்லோ நம்மை ஒன்றும் செய்யாது என்னும் பொருள்பட ஆங்கிலச் சிறார் பாட்டொன்று உண்டு. சென்ற தவணையில், ஹட்டனிலிருந்து எம் வகுப்புக்குப் புதிதாக வந்த மாணவனைச் சக மாணவனொருவன் "தோட்டக்காட்டான்" என்று ஏசினான். ஏச்சுக் கேட்டவன் அன்று மதியம் சோற்றுப் பொதியை அவிழ்க்கவேயில்லை. அவ்வழியே வந்த ஆசிரியர் ஒருவர், நல்லெண்ணத்துடனேயே, இப்பாட்டைச் சொல்லி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பையன் முகத்தில் யாதொரு தெளிவும் பிறக்கவில்லை. பாட்டின் வரலாற்றை நான் தேடத் தொடங்கியது அதன் பின்னரே.

அச்சில் அது காணப்படும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் ஆபிரிக்க மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் திருச்சபை நடத்திய 'கிறிஸ்தியன் ரெக்கோடர்' பத்திரிகையின் 1862 மார்ச் இதழாகும். அங்கேயே அது பழமொழி எனக் குறிக்கப்படுவதால், அதற்கு முன்பே மக்கள் வாயில் வழங்கியிருத்தல் வேண்டும். அத்திருச்சபை கறுப்பின மக்கள் தாமே தமக்கென அமைத்துக்கொண்டது. அவர்தம் இனத்தவர் இலட்சக்கணக்கானோர் அப்போது தென் மாநிலங்களில் அடிமைகளாய்க் கிடந்தனர். சாட்டைக்கு மறுமொழி கூறவியலாத மக்கள், வசைக்கேனும் நெஞ்சு கலங்கோம் என்று உறுதி பூண்டால் அதனைக் கோழைத்தனம் எனலாமா? பின்னர் அதே வாசகம் வெள்ளையர் வீட்டு மழலைப் பாட்டாகவும், குடியேற்ற நாட்டுப் பாடசாலைகளின் புத்திமதியாகவும் ஆயிற்று. 1960இல் ரே சார்ல்ஸ் என்னும் கறுப்பினப் பாடகரின் இசைத்தட்டொன்றுக்குத் தலைப்பாகவும் வந்தது. அங்கே பொருள் காதலரைப் பற்றிய ஊர்வம்பு மட்டுமே.

நம் 129ஆம் குறளின் கருத்து இதற்கு நேர்மாறானது. நெருப்பினால் வந்த புண் குணமாகும், நாவினால் வந்தது குணமாகாது என்பதை மாணவர் யாவரும் பரீட்சைக்கு மனனஞ் செய்வர். ஆனால் வள்ளுவர் அதனை அடக்கமுடைமை அதிகாரத்தில் வைத்தார். அதாவது, அவர் அறிவுரை ஏசுபவனுக்கே உரியது. ஆங்கிலப் பாட்டோ ஏசப்பட்டவனுக்குப் பொறுமை போதிக்கிறது. இவ்வேற்றுமை சிறிதன்று.

வசை வேறு, தடி வேறு என்னும் எண்ணம் இந்நாட்டில் எவ்வளவு தூரம் செல்லும்? 'கள்ளத்தோணி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அநுமதியின்றிக் கடல் கடந்து வரும் படகையும், அதில் வந்தவரையும் அது குறித்தது. தோட்டத் தொழிலாளரின் முன்னோர் அவ்வாறு வந்தவரல்லர். 1830கள் தொட்டுக் கோப்பிக்கும், 1867இன் பின் தேயிலைக்கும் துரைமாருக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிமார் தமிழகக் கிராமங்களில் முற்பணம் கொடுத்து அழைத்து வந்தனர். தொடக்க காலத்தில் வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். நோயில் வீழ்ந்து வழியிலேயே மாண்டோர் பலர். பிற்காலத்தில் மண்டபம் முகாமில் பரிசோதித்துப் பதிந்தே அனுப்பினார்கள். இவர்தம் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இப்பட்டம் சூட்டப்பட்டது. சிங்கள மேடைகளிலும் அத்தமிழ்ச் சொல் மொழிபெயர்க்கப்படாமலே முழங்கியது. 1947 தேர்தலில் மலையகம் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமை போயிற்று. 1952இல் அந்த 7 ஆசனங்களுள் ஒன்றும் எஞ்சவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 உயிர்களைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிகுதி 1,50,000 பேரின் கதி பிற்பாடு பேசப்படும் என்று. நாடற்றோர் நிலையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அக்கலவர நாட்களில் பஸ்களில் ஏறிய கும்பல்கள், வாளிக்குரிய 'பால்திய' என்னும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழரைப் பிரித்தெடுத்தன. அச்சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது!

ஆயினும் பிறரைச் சாடுவதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 'தோட்டக்காட்டான்' நம் தமிழரே நம் தமிழரை ஏசும் சொல். சாதிப் பெயர்களை வசையாக்கிய பழக்கம் அதனினும் பழையது. 1927இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த டொமினிக் ஜீவா, பள்ளியில் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டுச் சிறுவயதிலேயே படிப்பை விட்டுச் சலூனில் கத்தரிக்கோல் பிடித்தார். அதே சலூனிலிருந்து 1966இல் 'மல்லிகை' மலர்ந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் வந்தது. பிற்காலத்தில் கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், கதிரேசன் வீதியிலிருந்து. அவர் வென்றார் என்பதனால் அந்த வகுப்பறை குற்றமற்றதாகிவிடுமா? அவரைப் போல் வெளியேறி, பத்திரிகை தொடங்காதவர் எத்தனை பேர்!

மறுநாள் நான் இலக்கணப் பாடத்தை ஒத்திவைத்து, அந்த வசைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். இதை முதன்முதல் எங்கே கேட்டீர்கள் என்று வினவினேன். நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஏசிய பையனே எழுந்து நின்றான். தங்கள் வீட்டில் சமையல் வேலைக்கு இருந்த அக்காவை அம்மா அப்படித்தான் கூப்பிடுவார் என்றான்.