வட்டம் எங்கே உடைந்தது? ஒரு பரலோகப் பாட்டின் மூன்று வடிவங்கள்

மேற்கத்திய வெகுசன இசையில் பரலோகம் பற்றிய எண்ணத்தை ஆராயப் புகுகிறவர் எவரும் கொலீன் மெக்டானெல், பெர்ன்ஹார்ட் லாங் இருவரும் எழுதிய பரலோக வரலாற்றைத் (யேல், 1988) தாண்டிப் போக முடியாது. பரலோகத்தை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று இறைமையப் பரலோகம். அங்கே ஆன்மா கடவுளைக் காண்பதும் துதிப்பதுமே எல்லாம். மற்றது மனிதமையப் பரலோகம். பிரிந்த உறவுகள் மீண்டும் கூடும் வீடு. இந்த இரண்டாவது வகையின் நவீன வடிவம் ஸ்வீடிஷ் மறைஞானி ஸ்வீடன்போர்க் 1758-இல் வெளியிட்ட நூலோடு எழுந்து, 19-ஆம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்தது என்பது அவர்கள் வாதம். எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸின் ‘தி கேட்ஸ் அஜார்’ நாவல் (1868) அதற்கு முக்கியச் சான்று. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்க வீடுகளுக்கு அப்படியொரு பரலோகம் தேவைப்பட்டது.

தரவுகளை நான் மறுக்கவில்லை. மறுப்பு அந்தச் சட்டகத்தின் மேல்தான். பரலோகத்தின் நடுவில் இருப்பது யார் என்று அது கேட்கிறது. வாசலில் நிறுத்தப்படுவது யார் என்று கேட்பதில்லை. ஆகவே, குடும்பம் கூடும் வீடாகப் பரலோகத்தைப் பாடும் பாட்டுகள் எல்லாம் ஒரே கூடையில் விழுகின்றன. அந்தக் கூடைக்குள்ளேயே ஒன்றையொன்று மறுக்கும் பாட்டுகள் கிடப்பது கண்ணில் படுவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. கிறிஸ்தவ விசுவாசம் ஒரு பக்கம், வெகுசன இசை மறுபக்கம் என்று கோடு கிழிக்க இந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது. விசுவாசப் பிரமாணம் அறிக்கையிடுவது சரீர உயிர்த்தெழுதலை. வெளிப்படுத்தின விசேஷம் 21-ஆம் அதிகாரத்தில் பரிசுத்த நகரம் மேலிருந்து இறங்கி வருகிறது. மனிதர்கள் மேலே போவதில்லை. உயிர்த்தெழுந்தவர்களிடையே திருமண உறவு இல்லை என்கிறார் இயேசு (மத்தேயு 22:30). இவை எல்லாம் சபைக்குள் பாடப்பட்ட சுவிசேஷப் பாட்டுகளிலேயே பின்னுக்குப் போய்விட்டவை. இசைத்தட்டு வந்து கெடுத்தது என்று சொல்வது வரலாறாகாது.

எனவே எல்லைக்கோட்டை வேறிடத்தில் தேட வேண்டும். அதற்கு ஒரே ஒரு பாட்டின் பாடபேதம் போதும் என்று கருதுகிறேன். ‘வில் த சர்க்கிள் பி அன்புரோக்கன்’ என்ற பாட்டுக்கு வரிகள் எழுதியவர் லண்டனைச் சேர்ந்த ஏடா ஹாபர்ஷன் (1861–1918). மெட்டமைத்தவர் அமெரிக்கரான சார்ல்ஸ் கேப்ரியல். 1907 என்பது அதன் பதிப்புரிமை ஆண்டு. வரிகள் அதற்கு எவ்வளவு முன்னால் எழுதப்பட்டன என்பதை அந்த ஆண்டைக் கொண்டு முடிவுகட்ட இயலாது.

அந்த மூலப் பாட்டு முழுக்க முன்னிலையில் பேசுகிறது. கேட்பவரை நோக்கி, உனக்குப் பிரியமானவர்கள் மகிமையில் இருக்கிறார்கள், அடுப்பங்கரையோரம் அவர்களோடு கூடியிருந்ததை நினைத்துப் பார், ஒவ்வொருவராக எழுந்து போனார்கள் என்கிறது. பிறகு ஒரு கேள்வியைப் போடுகிறது: சிறுவயதில் அவர்கள் கற்றுக்கொடுத்த பாட்டுகளை இன்னும் நேசிக்கிறாயா, அல்லது உலகப் பாட்டுகளைத் தேர்ந்துகொண்டாயா? பல்லவியிலும் இரண்டு கேள்விகள். வட்டம் முறியாமல் இருக்குமா என்பது ஒன்று. வானத்தில் மேலான வீடு காத்திருக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பாட்டுக்குள் பதில் கிடையாது.

மெக்டானெல், லாங் அளவுகோலில் இது ஐயமற மனிதமையம்: வீடு, குடும்பம், சந்திப்பு. ஆனால் வட்டத்தை முறிப்பது இங்கே மரணம் அல்ல. மரித்தவர்கள் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நீ மனந்திரும்பாமல் போனால்தான் அங்கே ஓர் இடம் காலியாகும். ஹாபர்ஷன் வெறும் பாட்டுக்காரர் அல்ல. வேதாகமத்தின் முன்னடையாளங்கள் பற்றியும் இயேசுவின் உவமைகள் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதியவர். எழுப்புதல் கூட்டங்களில் பாடல் தலைவராயிருந்த சார்ல்ஸ் அலெக்சாண்டர் கேட்டுக்கொண்டதால் சுவிசேஷப் பாட்டு எழுத வந்தவர். பத்துக் கன்னிகைகளின் உவமையில் கதவு அடைபட்ட பின் வெளியே நிற்பவர்களை அவர் நினைத்தே இந்தக் கேள்விகளை எழுதினார் என்று நான் வாசிக்கிறேன். இதற்கு நேரடிச் சான்று என் கையில் இல்லை. ஆனால் பல்லவி கேள்வியாகவே நின்றுவிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொல்ல வந்த பாட்டாயிருந்தால் பதிலையும் சொல்லியிருக்கும்.

1935-இல் வர்ஜீனியா மலைநாட்டின் கார்ட்டர் குடும்பம் இதைப் பதிவு செய்தபோது சரணங்கள் முழுவதும் மாறிவிட்டன. குளிரான, மேகமூட்டமான நாளில் ஜன்னலோரம் நிற்கும் மகன், தாயைக் கொண்டுபோக வரும் சவ வண்டி, மெல்ல ஓட்டுங்கள் என்ற கெஞ்சல், வெறிச்சோடிய வீடு. முன்னிலை போய்த் தன்மை வந்துவிட்டது. பல்லவியின் முதல் கேள்வி ‘முறியாமல் இருக்குமா’ என்பதிலிருந்து ‘இருக்க முடியுமா’ என்று திரிந்தது; தலைப்பும் அப்படியே மாறியது. இரண்டாவது கேள்வி கேள்வியாகவே இல்லை: மேலான வீடு காத்திருக்கிறது என்று அடித்துச் சொல்கிறது பாட்டு.

தலைப்பு மாறியது பதிப்புரிமைக்காக இருக்கலாம் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். பழைய பாட்டுகளை மாற்றிப் புதிதாகப் பதிவுசெய்து உரிமை ஈட்டுவது, அந்தக் குடும்பத்தை 1927-இல் பிரிஸ்டலில் கண்டெடுத்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பீரின் தொழில்முறை. முதல் கேள்வியின் திரிபை இது விளக்கக்கூடும். இரண்டாவது கேள்வி உறுதிமொழியானதை விளக்காது. தலைப்பில் வராத ஒரு வரியை மாற்ற வணிகத்துக்கு என்ன தேவை? வட்டத்தை முறித்தது தாயின் மரணம் என்று ஆனவுடன், வீடு இருக்கிறதா என்ற கேள்வியைத் துக்க வீட்டில் கேட்க முடியாமல் போனது. நியாயத்தீர்ப்பு வெளியேறியது இந்த இடத்தில். சரணங்கள் குழுவின் தலைவரான ஏ. பி. கார்ட்டரின் சொந்த ஆக்கமா, மலைநாட்டில் முன்பே புழங்கியவையா என்பது தீராத கேள்வி. அவர் ஊர் ஊராய்ப் போய்ப் பாட்டுச் சேகரித்தவர், கிடைத்ததை வெட்டி ஒட்டியவர் என்பதால் இரண்டுக்கும் இடமுண்டு.

1972-இல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட், மேபெல் கார்ட்டரையும் ராய் அகஃபையும் சேர்த்துக்கொண்டு வெளியிட்ட ஆல்பத்தில் கலப்பு வடிவம் நிலைத்துவிட்டது: தொடக்கம் 1907-இன் கேள்வி, வீடு பற்றிய உறுதியும் சரணங்களும் 1935. இந்தக் கலப்பு எந்த ஆண்டில் தொடங்கியது என்று வரையறுக்க நான் துணியமாட்டேன். நாஷ்வில்லின் கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் வட்டக் கூடத்தில் இதே தலைப்பைச் சுற்றிலும் பொறித்திருக்கிறார்கள். அங்கே வட்டம் என்பது இசைக்கலைஞர்களின் தலைமுறைத் தொடர்ச்சி. பரலோகம் அந்தப் பொறிப்பிலிருந்து விலகிவிட்டது.

ஆனால் வெகுசன இசை நியாயத்தீர்ப்பை ஒரேயடியாகக் கைவிட்டது என்று முடிப்பதும் தவறு. நான்கு வயது மகனைப் பறிகொடுத்த எரிக் கிளாப்டன், வில் ஜென்னிங்ஸுடன் எழுதிய ‘டியர்ஸ் இன் ஹெவன்’ (1992) மறுபடியும் கேள்விகளால் ஆன பாட்டு. அங்கே கண்டால் அடையாளம் தெரியுமா என்று கேட்கிறது. கதவுக்கு அப்பால் சமாதானம் உண்டென நம்புகிறது. தான் அந்த இடத்துக்கு உரியவன் அல்லன் என்றும் ஒத்துக்கொள்கிறது. கார்ட்டர் பாட்டுக்கும் இதற்கும் நேர்வழித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவரவில்லை. இதையும் மனிதமையம் என்றே அந்தச் சட்டகம் வகைப்படுத்தும். ஆனால் வாசலில் நிறுத்தப்படுவது யார் என்று கேட்டால், 1935-ஐ விட 1907-க்கே இது நெருக்கம். வேறுபாடு ஒன்றுதான்: ஹாபர்ஷனின் பாட்டைக் கேட்டவர் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து முன்னே போய் மண்டியிட வழி இருந்தது. கிளாப்டனின் பாட்டில் தகுதியின்மை இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு மன்னிக்கும் கிருபையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.