அகவயம்

அகவயம் (பெயர்ச்சொல்): ஒருவரின் உணர்வையும் பார்வையையும் பட்டறிவையும் சார்ந்திருக்கும் தன்மை. எதிர்ச்சொல்: புறவயம்.

அகம் என்பது உள். வயம் என்பது வசம். 'உணர்ச்சிவயப்பட்டான்' என்பதில் வரும் அதே வயம். ஆங்கிலத்தின் 'சப்ஜெக்டிவிட்டி'க்கு ஈடாக இதை வழங்குகிறோம். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குக் 'கீழே இடப்பட்டது' என்று பொருள். அதனால்தான் 'சப்ஜெக்ட்' இலக்கணத்தில் எழுவாயாகவும், அரசியலில் மன்னருக்குக் கீழ்ப்பட்ட குடியாகவும், மெய்யியலில் அறிபவராகவும் நிற்கிறது.

துறைதோறும் பொருள் நகர்கிறது. மருத்துவத்தில் வலி அகவயமானது. பெரும்பாலும் நோயாளி சொல்லித்தான் மருத்துவர் அறிய முடியும். நிகழ்தகவியலில் புரூனோ டி ஃபினெட்டி, நிகழ்தகவு என்பதே ஒருவரது நம்பிக்கையின் அளவு என்றார். மெய்யியலில் தாமஸ் நேகல் 1974இல், வௌவாலின் உடலை எவ்வளவு ஆராய்ந்தாலும் வௌவாலாக இருப்பதன் அனுபவம் நமக்கு எட்டாது என வாதிட்டார். மிஷெல் ஃபூக்கோவோ, 'நான்' என்ற உணர்வையே அதிகாரம் உருவாக்குகிறது என்று காட்டினார். இந்தப் பொருளில் தமிழ்த் திறனாய்வாளர்கள் 'தன்னிலை' என்கிறார்கள்.

சங்க இலக்கியத்தின் அகத்திணையோடு இதைக் குழப்பக்கூடாது. அங்கே தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டும் வழக்கமில்லை. அங்கே பாடப்படும் காதல் உணர்வு எல்லோருக்கும் பொதுவானது.

அகவயம் என்பதைப் 'பக்கச்சார்பு' என்று பொருள்கொள்வது பிழை. பக்கச்சார்பு நீதியின் குறை. அகவயம் உயிருள்ளதன் இயல்பு.